முதலில் கைதட்டியவன்

பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் சார்பில் ஆனந்திதான் பேச வேண்டும் என்று கல்லூரியில் முடிவானது. உடனே அவள் ஊர் உலகத்துப் பட்டமளிப்பு உரைகளையெல்லாம் செல்போனில் கேட்க ஆரம்பித்துவிட்டாள். அங்கி போட்ட பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் 'பயப்படாதே, புறப்படு' என்றார்கள். அவர்களுக்கென்ன, சொல்லலாம். எல்லோருக்கும் சொந்த வீடு இருந்தது.

ஆனந்தியின் வீடு மூணாறு மலையில், தேயிலைக் கம்பெனி தொழிலாளர்களுக்குக் கட்டிய லயத்தில் இருந்தது. வீட்டிலிருந்து ஒருவராவது எஸ்டேட் வேலையில் இருக்கும்வரைதான் அந்த வீடு. ஆள் இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு மலை இறங்க வேண்டியதுதான். கொழுந்து பறிக்கும் அம்மா முத்துப்பேச்சிக்கு அந்த மாதத்தோடு ஓய்வு. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், வேறு போக்கிடமும் கிடையாது. கஞ்சிக்கோட்டில் இரும்பு ஆலையில் வேலை பார்க்கும் அண்ணன் பாண்டிதான், "நான் வந்து வேலைக்குப் பேர் குடுத்துக்கிடுதேன். நீ கோயம்புத்தூர்ல மேல படி" என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் எம்.எஸ்ஸி.க்கு இடம் வாங்கி வைத்திருந்தாள்.

விழாவில் மற்றவர்கள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் பேசினார்கள். ஆனந்தி மட்டும் முதல்வரிடம் கெஞ்சிக் கூத்தாடித் தமிழில் பேச அனுமதி வாங்கியிருந்தாள். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் ஒரு வார்த்தைகூட விட்டுப்போகக் கூடாதாம்! தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை அனுமதி வாங்கிக்கொண்டு கெட்டது.

"அடுத்தவங்களுக்காகன்னு உங்க வாழ்க்கையை அடகு வைக்காதீங்க. பாசம் வேற, பயம் வேற. உங்க மனசு ஒரு வழியைக் காட்டினா, யார் என்ன சொல்வாங்களோன்னு நிக்காதீங்க, போங்க!"

அரங்கத்தில் முதலில் எழுந்து கைதட்டியவன் பாண்டி. அவன் கண் கலங்கியிருந்தது. ஆனந்திக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பி வரும் ஜீப்பில் அம்மாவும் அவனும் ஆனந்திக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். எஸ்டேட் வளைவு வந்ததும் பாண்டி வாயைத் திறந்தான்.

"ஆனந்தி, நீ எனக்குன்னே பேசுன மாதிரி இருந்துச்சு. ஆலையில எனக்கு கிரேன் ஓட்டுத வேலை தாரேன்னாங்க. எத்தனை வருசமா கேட்டு நின்ன வேலை! உனக்காக வேண்டாம்னு சொல்லிட்டேன். இன்னும் அந்த இடம் காலியாத்தான் இருக்கு. அன்னையிலேர்ந்து தூக்கமே இல்ல. இப்பத்தான் மனசு தெளிஞ்சுது. எஸ்டேட்டுக்கு நான் வரலத்தா. நீ தைரியசாலி, எப்படியும் ஒரு வழி பண்ணிருவ."

'அது சும்மா மேடைக்குப் பேசுனதுண்ணே' என்ற வார்த்தை ஆனந்தியின் நாக்கு வரைக்கும் வந்தது. அழுது முடித்த முகத்தோடு எதிரில் உட்கார்ந்திருப்பவனிடம் அதை எப்படிச் சொல்வது? கோபம் கோபமாக வந்தது. அவன்மேல் காட்டக்கூட வழியில்லாத கோபம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் யாரைப் போய்த் திட்டுவாள்? அம்மா, தன் மடியிலிருந்த பட்டச் சான்றிதழை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆனந்தி பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பாண்டி மனம் மாறவில்லை. கோயம்புத்தூரில் சேர வேண்டிய கெடுவும் போனது.

எஸ்டேட் ஆபீஸில் மலையாளி கிளார்க் ஜின்சன் அவளைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"அந்தப் பேச்சு பேசின குட்டி நீதானே? கலக்கிட்டே! என் மோள் போன்ல வந்த உன் பேச்சு வீடியோவைப் பார்த்துட்டு, கல்யாணம் வேண்டாம், நர்ஸிங் படிக்கப் போறேன்னு பெங்களூருக்குக் கிளம்பிட்டா. ஆமா, நீ எங்க போறே?"

"பேர் குடுக்க வந்தேன் சார்" என்றாள் ஆனந்தி.

அவர் பேனாவை நீட்டினார். அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை முத்துப்பேச்சி, தான் இத்தனை வருஷம் கொழுந்து பறிக்கையில் ஈரம் படாமல் இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் சாக்கை எடுத்து மகளுக்குக் கட்டிவிட்டாள். முடிச்சை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"இறுக்குதாட்டி?"

"இல்லம்மா" என்றாள் ஆனந்தி. "அளவெடுத்த மாதிரி இருக்கு."