தாங்குமா என்று கேட்டார்கள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் இணையக் கம்பெனி இருந்தது. வாடிக்கையாளர்களைக் கவனிப்பது என் வேலை. தொண்ணூற்றேழில் ஒரு காப்புறுதி நிறுவனம் தன் கிளைகளையெல்லாம் இணையத்தில் சேர்க்க ஆள் தேடியது. அந்த வேலை கிடைத்தால் பிழைப்போம், இல்லாவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்று முதலாளி தியாகராஜன் சொல்லியிருந்தார்.

காப்புறுதி மேலாளர் காசிவிஸ்வநாதன் நேரிலேயே வந்தார். இணையத்துக்குத் தலைமை அலுவலகம் எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று கிடையாது என்றாள் எங்கள் இன்ஜினியர் கெர்ட்ரூட். நாளைக்கு ஊரே வந்து சேர்ந்தால் தாங்குமா என்று அடுத்த கேள்வி. கிள்ளானில் எங்களுக்குப் போட்டியாகக் கம்பெனி நடத்திய செபாஸ்டியன், தாராளமாகத் தாங்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தார். இவளும் அதையே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"மெஷின் எத்தனை வேணும்னாலும் சேர்க்கலாம் சார். ஆனா ஒவ்வொரு கம்பெனியும் 'இந்த இடத்துக்கு வழி என் பக்கம்'னு சொல்லும், மத்தவங்க நம்புவாங்க. ஒருத்தர் தப்பா சொன்னா எல்லாமே அங்க போய் விழுந்திரும். இப்ப நாங்க கொஞ்ச பேரு, போன் போட்டுச் சரி பண்ணிக்கிறோம். லட்சம் பேரு வந்தா யாரு யாருக்காகப் போனை எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை கிள்ளானுக்குப் போனது. மாதக் கடைசியோடு மூடுகிறோம் என்று தியாகராஜன் சொன்னார். கெர்ட்ரூடின் கணவர் மாரிஸுக்கும் அப்போது வேலை இல்லை. அதை நினைத்தபோது அவள்மீது கோபம் இன்னும் கூடியது.

மூடுவதற்கு முந்தின வாரம் செபாஸ்டியனின் ஆட்கள் எதையோ மாற்றப்போக, அவர்களுடைய மெஷின் எல்லா இடத்துக்கும் வழி தன் பக்கம்தான் என்று அறிவித்துவிட்டது. கோலாலம்பூர் மெயிலில் பாதி கிள்ளானுக்குப் போய்த் தொலைந்தது. காப்புறுதிக் கிளைகள் ஸ்தம்பித்தன. காசிவிஸ்வநாதன் தியாகராஜனைக் கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் கிள்ளான்காரர்கள் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தம் எங்களுக்கு என்றார்.

சற்று நேரத்தில் இன்னொரு போன். நான் எடுத்தேன். செபாஸ்டியன் பேசினார். தப்பு எங்கே என்று அவர்களுக்கே பிடிபடவில்லை, வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல கெர்ட்ரூட் வேண்டுமாம். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"நீ இல்லன்னு சொல்லிடறேன் லா. சாயங்காலம் வரைக்கும்தான். நம்ம எல்லாருக்கும் வேலை இருக்கும்."

அவள் கண் கலங்கியிருந்தது. தியாகராஜனின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"நான் எடுக்கலன்னா, அன்னிக்கு நான் பயந்தது உண்மையாயிடும், காமாட்சிக்கா. குடுங்க."

கொடுத்தேன்.