மணவூருக்குப் போன கன்றுகள்

கன்னியம்மாள் ஒன்றுக்குப் பத்தாகப் பேசுகிறவள். பேசவேண்டிய அன்று மட்டும் வாயை மூடிக்கொண்டாள்.

யுத்த காலம். ரேஷன் அரிசி பாதி நாள் கிடையாது. திருத்தணி மலையடிவாரத்தில் அவளும் புருஷன் தேசப்பனும் வைத்திருந்த சிறு வாழைத் தோட்டம்தான் வயிற்றைக் காப்பாற்றியது. காயும் பூவும் தண்டும் அடுப்புக்கு. தார் வெட்டிய மரத்தின் நார், கோயிலுக்கு மாலை கட்டுகிறவர்களுக்கு. நார் கிழிப்பது கன்னியம்மாளின் வேலை. ஒருநாள் மட்டையை உரித்தபோது உள்ளே செம்மண் நிறத்தில் கோடுகள் ஓடியிருந்தன. நார் கைக்கு வராமல் அறுந்தது. வாடல் நோய். அந்த வரிசையில் கன்று எடுத்து நட்டால் அதுவும் வாடும் என்று அவளுக்குத் தெரியும்.

அதே வாரம் மணவூரிலிருந்து நாத்தனார் தேவகி கன்று கேட்டு வந்தாள். புருஷன் செத்து ஒரு வருஷம். இரண்டு பிள்ளைகள், கையகல நிலம். தேசப்பன் அந்த வரிசையிலேயே தோண்டிக் கொடுத்தான். கன்னியம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். நோய் என்று சொன்னால் தேசப்பன் எந்த வரிசையையும் நம்பமாட்டான், ஒரு கன்றும் தோட்டத்தை விட்டுப் போகாது. நட ஒன்றும் இல்லாமல் தேவகி பிள்ளைகளோடு இங்கேயே வந்துவிடுவாள். இருக்கிற கஞ்சியில் மூன்று வயிறு கூடும். அந்தப் பயம்தான்.

மறுவருஷம் கோடையில் தேவகி தனியாக வந்தாள்.

“ஒன்னு விடாம சாஞ்சிபோச்சி அண்ணி. தார் தள்றதுக்கு முன்னாடியே எலையெல்லாம் தொங்கிப்போச்சி.”

“தண்ணி பத்தலையா?” என்றான் தேசப்பன்.

“கொடம் கொடமா சொமந்து ஊத்தனேண்ணா. தாலி அறுத்தவ கையால நட்டா வெளங்குமான்றாங்க ஊர்ல. நெசந்தான் போல. இப்பல்லாம் பசங்களுக்குச் சோறு போடக்கூட பயந்துகினு பக்கத்து வீட்டம்மாவ போடச் சொல்றேன்.” அண்ணி பக்கம் திரும்பினாள். “நீ பூவும் பொட்டுமா இருக்கறவ. இந்த வாட்டி நீ வந்து நட்டுக் குடு.”

கன்னியம்மாள் யோசித்தாள். சரி என்று சொல்லி, வேறு இடத்தில் நல்ல கன்றாக வாங்கி நோய் படாத மூலையில் நட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் தன் கையால் நட்டது தழைக்கும். தேவகி ஆயுசுக்கும் தன் கையைத் தானே வெறுப்பாள். இதைவிடப் பெரிய பாவம் வேண்டுமா?

“உன் கையில ஒன்னும் இல்ல,” என்றாள். “கன்னே நோய்க் கன்னு. நார் கிழிக்கறப்போ பாத்தேன். தெரிஞ்சேதான் சொல்லல. நீ பசங்களோட இங்க வந்துடுவியோன்னு.”

தேசப்பன் எழுந்து வெளியே போய்விட்டான். கன்னியம்மாள் ஏச்சுக்குக் காத்திருந்தாள். ஏசியிருந்தால் தேவலை.

“அப்போ,” என்றாள் தேவகி, “பசங்களுக்கு நானே சோறு போடலாமா அண்ணி?”