கூட்டுற மிசின்

தாம்பாளம் அளவில் வட்டமாக இருந்த அந்த ரோபோ கட்டிலுக்கு அடியில் நுழைந்து தூசியை அள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது மீரான் மைதீன் சின்னப் பிள்ளைபோல் கைதட்டினார். அவர் மனைவி குல்சார் பேகம் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். மகன் ஆசிப் துபாயிலிருந்து லீவில் வரும்போது கொண்டுவந்தது. 2006ஆம் வருஷம், சிவகாசியில் அப்படியொன்றை யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டார் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இனி ராமுத்தாய் எதுக்கும்மா?" என்றான் ஆசிப்.

பக்கத்து ஊரான விஸ்வநத்தத்திலிருந்து பல வருஷமாக வீடு கூட்ட வருகிறவள் ராமுத்தாய். மறுநாள் அவளை வாசலிலேயே நிறுத்தி குல்சார் விஷயத்தைச் சொன்னாள். ராமுத்தாய் உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இம்புட்டுக்காணு இருக்கு! சரிக்கா. தீவாளி சீசன் நேரந்தான, நான் பட்டாசு வேலைக்குப் போயிக்கிறேன்."

ஆசிப் துபாய்க்குத் திரும்பினான். மிசின் நிலைப்படி தாண்டாது. ஒவ்வொரு அறையாக அதைத் தூக்கி வைப்பது குல்சாரின் வேலையானது. கடைக்குக் கிளம்பும்போது மீரான் மைதீன் அதனிடம், "போயிட்டு வாரேம்லே" என்பார். அவளுக்கு அப்படிப் பேச வரவில்லை. தெருவில் யார் வீட்டில் சண்டை, யாருக்குப் பிரசவம் என்று வந்து சொல்ல ராமுத்தாய் இல்லாமல், எதுவும் தெரியாமல் நாட்கள் போயின. மிசின் சத்தம் நின்ற பிறகுதான், இவ்வளவு நேரமும் ஒன்றையும் நினைக்காமல் உட்கார்ந்திருந்தது அவளுக்கு உறைக்கும்.

ஒரு மதியம் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. விஸ்வநத்தம் பக்கம் புகை எழுந்தது. சாயங்காலம் மீரான் மைதீன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"பட்டாசு ஆலை வெடிச்சிருச்சு. ராமுத்தாயும் உள்ள இருந்திருக்கா. உசிருக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு கையுந்தான்..."

குல்சார் "ம்" என்றாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. உலையில் அரிசியைப் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் ராமுத்தாயின் கைகள் இரண்டும் முழங்கைவரை கட்டோடு தலையணைமேல் கிடந்தன.

"வாங்கக்கா. சாப்பிட்டீகளா?"

குல்சார் தலையாட்டினாள்.

"மிசினு நல்லாக் கூட்டுதா?"

"கூட்டுது."

"மூலை முடுக்கெல்லாம்?"

"மூலைக்குப் போகாது."

"பேசுமாக்கா அது?"

"பேசாது, ராமுத்தாயி."

ராமுத்தாய் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள். "அப்பப் பகலெல்லாம் ஒத்தையிலயா இருக்கீக?"

குல்சார் கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்து, கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊதி நீட்டினாள். ராமுத்தாய் தயங்கி, பிறகு வாயைத் திறந்தாள். ஒரு சொட்டு உதட்டோரம் வழிந்து தாடையில் நின்றது. அதைத் துடைக்க, கட்டுப்போட்ட வலதுகை தலையணையிலிருந்து கொஞ்சம் எழும்பி, அந்தரத்திலேயே நின்றது.