அழுகல் நாற்றம்

மகளின் பிரசவத்துக்காக மொனராகலை போயிருந்த கலாராணி, நமுனுகுலவுக்குத் திரும்பி, சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டத்து லயத்தில் தன் வீட்டுக் கதவைத் தள்ளியதுமே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது நாத்தம்?"

"எலி செத்துக் கெடக்கு போல. கொஞ்ச நாளா இருக்கு, பழகிருச்சு" என்றார் கணவர் வீரய்யா, கட்டிலில் படுத்தபடியே. "அந்த நாத்தத்துல யாரு சமைக்கிறது? கடையிலதான் சாப்புட்டேன்."

பழகிவிட்டதாம்!

குசினி அதைவிட மோசம். கேஸ் அடுப்பின் மேல் பால் பொங்கி வழிந்து கருகியிருந்தது. எண்ணெய் பிசின் மாதிரி இறுகிக் கிடக்க, அதில் கரப்பான்பூச்சியின் கால்கள் ஒட்டியிருந்தன. பர்னர் ஓட்டைகளில் காய்ந்த சோற்றுப் பருக்கைகள். நாற்றம் வரும்வரை ஒரு மனுசன் இதிலா சமைத்துத் தின்றார்?

சிலிண்டருக்குப் பின்னால்தான் எலி கிடந்தது. குச்சியால் இழுத்தபோது வயிறு பிய்ந்து புழுக்கள் நெளிந்தன. வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, வேலியோரம் குனிந்து வாந்தியெடுத்தாள். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

திரும்பி வந்தும் நாற்றம் போகவில்லை. துடைப்பதற்காகத் தரையில் குனிந்தாள். கீழே போகப்போக அது மூக்கில் ஏறியது. எலி நாற்றமில்லை இது. சிலிண்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயைத் திருப்பிப் பார்த்தாள். நெடுகப் பல் பதிந்த தடங்கள்.

"எலியப் பொதைச்சிட்டியா? ஒரு பிளேன்டீ போடுறேன்" என்றபடி வீரய்யா உள்ளே வந்தார். கையில் நெருப்புப் பெட்டி. குச்சியை எடுத்துவிட்டிருந்தார்.

"பத்த வைக்காதீங்க!"

அவர் கையை ஓங்கித் தட்டினாள். குச்சிகள் சிதறின.

"என்ன கலா, பைத்தியமா? இரு, லைட்டப் போடுறேன்."

"சுவிட்சையும் தொடாதீங்க! கேஸ் ஒழுகுது. வெளிய போங்க!"

ரெகுலேட்டரை மூடினாள். சன்னலையும் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டு அவரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ரெண்டும் அழுகல் நாத்தந்தானே, எனக்கு எப்புடித் தெரியும்?" என்று முனகினார் வீரய்யா.

"போகும்போது என்ன சொன்னேன்? சமைச்சு முடிஞ்சா ரெகுலேட்டர மூடுங்க, அடுப்பத் தொடைங்கன்னு சொன்னேனா இல்லையா? எச்சிச் சோத்துக்குத்தான எலி வந்து குழாயக் கடிச்சுச்சு? வெடிச்சிருந்தா? லயத்துல எத்தன புள்ளைங்க இருக்கு!"



மறுநாள் அவள் பதுளைக்குப் போய்ப் புதுக் குழாயும் கிளிப்பும் வாங்கி வந்தாள். பூட்டியதும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. அதற்கு முன்பே அடுப்பைக் கழற்றி வாசலில் வைத்து வீரய்யாவைத் தேய்க்க விட்டிருந்தாள். கரப்பான் கால்கள் நகத்தில் சிக்கியபோது அவர் ஓங்கரித்தார். அவளுக்குப் பாவமாகவே இல்லை.

அடுப்பு நீலமாக எரிந்தது. அவரே தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினார். கோப்பையைப் பிடித்திருந்த நகங்களுக்குள் இன்னும் கறுப்பு.

"நீங்களே குடிங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் கலாராணி.