பம்புக்கு மாற்று ஆள்

சுரங்கத்தை இழுத்து மூடிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அடியில், நூற்றிருபது மீட்டர் ஆழத்தில், பம்ப்காரர் மட்டும் இன்னும் வேலையில்தான் இருந்தார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மாற்று ஆள் வந்து வால்வின் கைப்பிடியைத் தொட்டு, "நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன பிறகுதான் பம்ப்காரர் மேலே ஏறலாம். அங்கே அதுதான் சட்டம். கம்பெனி திவாலான அன்று காலை மாற்று ஆள் வரவில்லை. அவ்வளவுதான்.

அவர் மனைவி தினமும் கயிற்றில் தூக்குச்சட்டியை இறக்கினாள். பிள்ளைகளின் மதிப்பெண் அட்டைகள் கீழே போய், கிரீஸ் கைநாட்டோடு மேலே வந்தன. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் குழிவாயில் வரிசையாகக் குனிந்து நின்று சம்மதம் கேட்டார்கள். மாப்பிள்ளைப் பையனின் மூக்குக்கண்ணாடி உள்ளே விழுந்துவிட்டது. மறுநாள் பம்ப்காரர் அதைத் துடைத்துத் தூக்குச்சட்டியில் வைத்து அனுப்பினார்.

அன்று வராமல் போர்வைக்குள் சுருண்டு கிடந்த மாற்று ஆள், பம்ப்காரர் மனைவியின் சொந்தத் தம்பி. ஒல்லியான ஆள் என்பதால் ஒட்டடை என்று பெயர். பதினோரு வருடமாக அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது ஒரு முதலாளி சுரங்கத்தை வாங்கியிருந்தார். மேல்மட்டத்தில் வாடகை அலுவலகங்கள். அதற்குக் கீழே ஸ்கேட்டிங் தளம். ஒட்டடைதான் மேற்பார்வையாளன்.

"மூணு மணிக்கு ஆய்வாளர் வர்றாரு," என்றார் முதலாளி. "கீழ ஒருத்தர் குடியிருக்காருன்னு தெரிஞ்சா அனுமதி அம்பேல். அந்தாளை மேல ஏத்து. இல்லேன்னா நாளைலேர்ந்து நீ வராதே."

"பம்பை யாரு பாக்கறது, சார்?"

"தானியங்கி பம்ப் வந்துக்கிட்டு இருக்கு."

"எங்க வந்துக்கிட்டு இருக்கு?"

"வழியில."

மணி இரண்டரை. புது லிஃப்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது, பாட்டும் வந்தது. ஒட்டடைக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. ஸ்கேட்டிங் தளத்தைக் கடக்கையில், வெள்ளோட்டத்துக்கு அழைத்திருந்த பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு சுற்றுவது கேட்டது. அதன் பிறகு இருட்டும் ஈரமும்தான்.

கதவு திறந்தது. பம்ப்காரர் வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் லேட்டு, மாப்ளே."

"காய்ச்சல், அத்தான்."

"பதினோரு வருஷமாவா?"

"விட்டு விட்டு வந்துச்சு."

"சரி. தொடு."

ஒட்டடையின் கை எழவில்லை. தொட்டுவிட்டால் சட்டம் அவனைப் பிடித்துக்கொள்ளும். அவனுக்கு மாற்று ஆளென்று உலகத்தில் யாரும் இல்லை. தானியங்கி பம்போ வழியில் இருந்தது.

"தொடாமலே மேல வாங்களேன், அத்தான். யாரு பாக்கப் போறா?"

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இதைத் திருப்பணும். விட்டா மொதல்ல இந்த ரூம் முழுகும். அப்புறம் மேல சக்கரம் கட்டிக்கிட்டு ஓடுதுங்களே, அந்தப் பசங்க. சொல்லு, ஏறட்டுமா?"

தண்ணீர் செருப்பை நனைத்தது. தலைக்கு மேலே சக்கரங்கள் கடகடத்தன. ஒட்டடை கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைத் தொட்டான்.

"நான் பாத்துக்கறேன்." யாரோ பேசுவது போலிருந்தது.

பம்ப்காரர் வால்வைக் கடைசியாக ஒருமுறை திருப்பிக் காட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறியவர், கண்ணாடியைப் பார்த்துச் சற்று ஒதுங்கி நின்றார்.

"உள்ள ஏற்கெனவே யாரோ ஒரு கிழவர் நிக்கிறாரே?"

"அது நீங்கதான், அத்தான்."

"ஓஹோ." தலையைக் கோதிக்கொண்டார்.

கதவு மூட ஆரம்பித்தது.

"அத்தான்! நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வந்து மாத்திவிட்டுருவீங்கல்ல?"

பம்ப்காரர் நிதானமாக யோசித்தார்.

"நான் எப்படிச் சொல்றது? உங்க அக்காவைக் கேட்டுத்தான் சொல்லணும்."

பாட்டு மேலே போய் மறைந்தது. ஒட்டடைக்கு அக்காவை நன்றாகத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தான். அடுத்த திருப்புக்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.