பார்க்கலாம் என்றார் மேயர்

மாநகராட்சிக்கு வெளிநாடுகளில் மொத்தம் பதினான்கு சகோதரி நகரங்கள். பெற்ற அப்பனுக்கே அத்தனை பெண்களைக் கட்டி மேய்க்கத் தெம்பிருக்காது; மேயருக்கு இருந்தது. வருகிற சகோதரி ஒரு கடிகாரம் கொண்டுவருவாள், ஒரு கேடயம் வாங்கிக்கொண்டு போவாள். நடுவில் ‘நீடித்த வளர்ச்சி, புதுமை, பொருளாதாரம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிக் கையெழுத்துப் போடுவார்கள். அத்தோடு இரண்டு ஊரும் வளர்ந்துவிட்டதாக ஐதீகம்.

இந்த உறவுகளுக்கெல்லாம் வாயாக இருந்தவள், வெளியுறவுப் பிரிவின் மொழிபெயர்ப்பாளர். அவர் சொல்வதை இவரிடமும், இவர் சொல்வதை அவரிடமும் சொல்ல வேண்டும். சொந்தச் சரக்கு ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கக் கூடாது.

வீட்டில்தான் பேச்சுவார்த்தை முறிந்திருந்தது. அவள் கணவன், காய்கறி வாடாமல் வைக்கும் பெட்டி செய்கிற பட்டறைக்காரன். இரட்டைச் சுவர், நடுவில் ஈர மணல், வெயிலில் ஓடும் ஒரு குட்டி விசிறி. மின்சாரம் வேண்டாம், ஐஸ் வேண்டாம். வேண்டியதெல்லாம் மாநகராட்சிச் சந்தையில் பத்துப் பெட்டி வைக்க அனுமதி. வாங்க வந்தவர்கள் அத்தனை பேரும், “உங்க ஊர்ச் சந்தையிலயே இது இல்லையே” என்று நழுவினார்கள். மேயர் அலுவலகமோ மூன்று வருடமாக ஒரே பதிலைச் சொன்னது: பார்க்கலாம்.

மாதக் கடைசியில் பட்டறையைப் பூட்டிவிட்டு, எங்கோ தொலைவில் அண்ணன் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கே போய்விடுவதென்று அவன் முடிவு கட்டியிருந்தான். அவளுக்கு அங்கே வேலையில்லை, அவனுக்கு இங்கே வழியில்லை.

“பதினாலு ஊரோட உறவு கொண்டாடற. கட்டின புருஷனுக்காக உங்க மேயர்கிட்ட வாயைத் திறக்க மாட்டியா?” என்றான் அன்று காலை, சட்டைப் பொத்தானிடம் பேசுகிறவன்போல.

“அங்க நான் வாயைத் திறந்தா அது மேயர் பேச்சு. என் பேச்சைச் சேர்த்தா சீட்டைக் கிழிச்சுடுவாங்க.”

“அப்ப நானும் ஏதாவது ஒரு ஊருக்கு மேயராகிடறேன். என்கிட்டயும் சிரிச்சுப் பேசுவ.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பதினைந்தாவது சகோதரி வந்து காத்திருந்தாள்.

இந்த முறை வந்திருந்த மேயரம்மா கொஞ்சம் விவகாரமான ஆள். வழவழப்பான விளக்கப் புத்தகத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு நேராகக் கேட்டார்: “எங்க சந்தையில மதியத்துக்குள்ள பாதிக் கீரை வாடிடுது. கரண்டும் அடிக்கடி போயிடுது. இதுக்கு உங்க ஊர்ல யாராவது ஏதாவது பண்றாங்களா?”

அவள் அதைச் சொன்னதும் அறை அதிர்ந்தது. நட்புறவுக் கூட்டத்தில் கேள்வி கேட்பது எந்த ஊர் நாகரிகம்? ஆணையர் மேயரின் காதைக் கடித்தார். மேயர், முட்டையைத் தானே இட்டதுபோன்ற பெருமையோடு நிமிர்ந்தார்.

“இங்க ஒரு பட்டறையில அதுக்குன்னே பெட்டி செய்யறாங்க.” பிறகு சாப்பாட்டு நேரம் நினைவுக்கு வர, “பார்க்கலாம்” என்று முடித்தார்.

அந்தச் சொல்லுக்கு அவள் வழக்கமாகப் போடும் சட்டை ஒன்று உண்டு: ‘தங்கள் கருத்தைக் கனிவுடன் பரிசீலிக்கிறோம்.’ இல்லை என்பதன் அலுவலக உடை. அன்று அந்தச் சட்டை கைக்கு வரவில்லை. பார்க்கலாம் என்றால் பார்க்கலாம்தானே? எந்த இலக்கணப் புத்தகமும் அவள் கட்சிதான். ஓர் எழுத்தும் கூட்டாமல் அப்படியே சொன்னாள்.

மேயரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“என்னம்மா, சாப்பாடு வேண்டாமாமா?” என்றார் மேயர்.

“பெட்டியைப் பார்க்கலாம்னு நீங்க சொன்னதைச் சொன்னேன் சார்.”

“நானா சொன்னேன்?”

ஆணையர் தரையைப் பார்த்தபடி, “சொன்னீங்க சார்” என்றார்.

பட்டறை வாசலில் கார்கள் வரிசையாக வந்து நின்றபோது அவன் மணல் ஒட்டிய கையோடு விழித்தான். மேயரம்மா பெட்டியைத் திறந்து ஒரு கீரைத்தண்டை ஒடித்தார். மொறுக்கென்றது.

“எப்ப வச்சது?”

“முந்தாநாள்,” என்றான்.

“உங்க சந்தையில இது எத்தனை இருக்கு?” என்று அவர் மேயரிடம் திரும்பினார்.

மேயர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. “முதல் கட்டமா பத்து. அடுத்த வாரமே வைக்கிறோம். ரொம்ப நாளா என் மனசுல ஊறிக்கிட்டிருந்த திட்டம்.” ஆணையர் அவசரமாக எழுதிக்கொண்டார். மூன்று வருட ஊறல் ஒரு நிமிடத்தில் அனுமதியாகிவிட்டது.

அவள் மூச்சு விடுவதற்குள் மேயரம்மா அவனைப் பார்த்துச் சொன்னார்: “ஒரு வருஷம் எங்க ஊருக்கு வாங்க. வீடு, பட்டறை, நல்ல சம்பளம், எல்லாம் தர்றோம்.”

இதையும் அவள் வாய்தான் சொல்ல வேண்டும். அவனை இருக்கவைக்கத் திறந்த கதவு, வழியனுப்பும் கதவாகிக்கொண்டிருந்தது. கொஞ்சம் மாற்றிச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பதில் அவனுடையது. சம்பளத்தைக்கூட விடாமல் சொன்னாள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். முன்பின் தெரியாதவளிடம் பேசுவதுபோல் பணிவாக, “மேடம், அவங்க ஆளுங்க ரெண்டு பேரை இங்க அனுப்பச் சொல்லுங்க. கத்துக்கிட்டுப் போய் அங்கயே செய்யட்டும். அவங்க ஊர்லயும் நாலு பேருக்கு வேலை கிடைக்கும். நான் வரலை” என்றான்.

“ஏன்னு கேட்கிறாங்க.”

“என் பொண்டாட்டி இந்த ஊர்ல வேலை பார்க்கறா. பக்கத்துல இருந்தாத்தானே சண்டையாவது போட முடியும்? அப்படியே சொல்லுங்க மேடம், ஒண்ணும் விடாம.”

முகம் சூடேற, ஒன்றும் விடாமல் சொன்னாள். மேயரம்மா அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார்.

“என்னம்மா சிரிக்கிறாங்க?” என்றார், அதுவரை ஆணையரின் குறிப்பில் மூழ்கியிருந்த மேயர்.

“இரு தரப்பு உறவு உறுதியா இருக்குன்னு பட்டறைக்காரர் சொன்னார் சார்.”

“அருமை. அதையும் ஒப்பந்தத்துல சேர்த்துடுங்க.”