யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்

என் கோபத்தில் முதல் பங்கு ரோல்ஃபுக்கு. இரண்டாவது பங்கு எனக்கு. யாருடையது பெரியது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ரோல்ஃப் ஹாக்டால் அமெரிக்காவின் துலூத் நகரில் கட்டட வரைபட அலுவலகம் நடத்துகிறார். அலுவலகம் என்றால் அவரும் நானும்தான். போன வசந்தத்தில், நாங்கள் படம் வரையும் மென்பொருளுக்கு வருடச் சந்தாவை ஏற்றினார்கள். அதே வாரம்தான் மனிதர் தன் மீன்பிடிப் படகுக்குப் புது மோட்டார் வாங்கியிருந்தார்.

"கைசா, இலவசமா எத்தனையோ இருக்காமே. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணைப் பார்த்து எடு."

"வெள்ளிக்கிழமைக்குள்ளயா? மோட்டாரைப் பார்த்து எடுக்க உங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சு."

"அது ஏரி. தப்பாப் போனா ஆளே முழுகிடுவான். இது வெறும் கோடுதானே."

நான்கைப் பார்த்தேன். ஒன்றில் சுவர் வந்தது, கதவு வைக்கப் போனால் நின்றுவிட்டது. இன்னொன்றுக்கு அடியும் அங்குலமும் ஏறவே இல்லை. மூன்றாவது நல்லதுதான்; கோப்பெல்லாம் நம் கணினியிலேயே இருக்கும். ஆனால் பழகவே ஒரு மாதம் ஆகும், பார்க்கவும் லட்சணமாக இல்லை என்று தள்ளிவிட்டேன். நான்காவது இணையத்திலேயே ஓடியது. எங்கள் பழைய கோப்புகளை அப்படியே திறந்தது. நிபந்தனைகள் பதினேழு பக்கம். கதவுப் பட்டியலை மூன்று தடவை சரிபார்க்கிறவள் நான். அந்தப் பதினேழு பக்கத்தில் ஒரு வரி கூடப் படிக்காமல் ஒப்புக்கொள்கிறேன் என்று அமுக்கினேன்.

அதில் நான் வரைந்த முதல் வேலை டொலோரஸ் போலியூவின் காப்பகம். அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வரும் பெண்களும் பிள்ளைகளும் தங்கும் வீடு. பழைய பல் மருத்துவமனை ஒன்றை அதற்காக மாற்றினோம். முதல் நாளே டொலோரஸ் சொல்லிவிட்டாள்: "பூட்டு, கேமரா எல்லாம் அப்புறம். விலாசம் வெளிய தெரியாம இருந்தாத்தான் இவங்க உசுரோட இருப்பாங்க."

நாங்களும் பெரிய சாமர்த்தியமாக, தாளின் மூலையில் வேலையின் பெயரைப் 'பல் மருத்துவமனை சீரமைப்பு' என்று போட்டோம். ஆனால் அதே மூலையில் விலாசம் இருந்தது. அது இல்லாமல் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தாளும் வெளியே போனதில்லை. அறைக்குப் பெயர் எழுதாமல் விடவும் எங்களுக்குக் கை வராது. 'தாய்-பிள்ளை படுக்கை' என்று பதினொரு அறைகள். 'பாதுகாப்பு அறை'. 'சலவை'. பல் மருத்துவமனையில் எந்தத் தாய், எந்தப் பிள்ளை படுக்கப் போகிறார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

அக்டோபரில் அவர்கள் குடிவந்தார்கள். ஜனவரியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரிகன் மாநிலத்தில் கட்டடக்கலை படிக்கும் மாணவியாம். உங்கள் படம் மிகவும் நேர்த்தியாக இருக்கிறது, என் வகுப்பு வேலைக்கு எடுத்துக்கொண்டேன், ஒரே ஒரு சந்தேகம், சலவை அறை அலமாரிக்குப் பின்னால் சந்துக்குப் போகும் கதவு எதற்கு என்று மிக மரியாதையாகக் கேட்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் அந்தப் பதினேழு பக்கத்தையும் படித்தேன். ஒன்பதாவது பக்கத்தில் இருந்தது: இலவசக் கணக்கில் வரையும் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். அவர்கள் ஒளிக்கவில்லை. நான்தான் பார்க்கவில்லை. படத்தின் கீழே, நான் ஒருநாளும் கவனிக்காத சாம்பல் நிற எழுத்தில், பார்த்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு, நகல் எடுத்தவர்கள் இரண்டு என்று இருந்தது.

ரோல்ஃப் தன் மேஜையில் காட்டரிசி சூப் குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கரண்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"அழிச்சிடு. அவ்வளவுதான்."

"நகல் எடுத்தது ரெண்டு பேர். ஒருத்தி இந்தப் பொண்ணு. இன்னொருத்தர் யாருன்னு பேரே இல்ல."

"இன்னொரு மாணவனா இருக்கும். பல் ஆஸ்பத்திரி படத்தை யாரு தேடப் போறா? இதைப் போய் டொலோரஸ்கிட்ட சொல்லி அவளையும் பயமுறுத்தி, நம்ம பேரையும் கெடுத்துக்கணுமா?"

"அந்த ஆளு அங்க இருக்கற ஒரு பொண்ணோட புருஷனா இருந்தா?"

"இருந்தா, இருந்தான்னு பேசாத கைசா. அந்த மென்பொருளை எடுத்தது நீ. அதையும் ஞாபகம் வச்சுக்கோ."

பதினாறு வருடம் இந்த மனிதரிடம் வேலை பார்த்திருக்கிறேன். அவருடைய முதல் கவலை அவர் பெயர். இரண்டாவது கவலை பழியை என் தலையில் கட்டுவது. அந்தச் சூப்பை அவர் மடியில் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை; ஏனென்றால் அவர் கடைசியாகச் சொன்னது உண்மை. மேல்கோட்டையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குக் கிளம்பினேன்.

டொலோரஸ் திட்டுவாள் என்று நினைத்துப் போனேன். நடந்ததைச் சொன்னதும் அவள் என் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, தாளின் மூலையைப் பெரிதாக்கி, விலாசத்தைப் படித்தாள்.

"எப்பத்திலேர்ந்து இப்படி இருக்கு?"

"ஏப்ரல்லேர்ந்து."

"பார்த்தவங்கள்ல எத்தனை பேர் இந்த ஊரு?"

"அதைக் காட்டாது. இப்பவே அழிச்சிடறேன்."

"உன்கிட்ட இருக்கறதை அழிப்ப. அந்தப் பேர் தெரியாத ஆளுகிட்ட இருக்கறதை?"

அவள் தொலைபேசியை எடுத்தாள். மதியம் இரண்டு மணிக்கு இரண்டு வேன்கள் வந்து பின் சந்தில் நின்றன. பெண்களையும் பிள்ளைகளையும் எங்கே கொண்டுபோகிறார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆளாகவும் நான் இனி இல்லை.

சும்மா நிற்க முடியாமல் சாமான் தூக்கினேன். ஏழாவது அறையில் ஒரு பெண், தன் பிள்ளையின் பனிக்காலணியைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். தாடையில் பழைய தையல். பெட்டியை நான் தூக்கியதும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க இங்க வேலை பார்க்கறீங்களா?"

"இல்ல. இந்த வீட்டை வரைஞ்சது நான்."

"அப்படியா? ரொம்ப நல்ல வீடுங்க. மூணு வருஷத்துல இங்கதான் நான் கண்ணை மூடித் தூங்கினேன். என்னமோ தண்ணிக் குழாய் உடைஞ்சிருக்குன்னு டொலோரஸ் சொல்றாங்க. சரிபண்ணினதும் திரும்பி வந்துடலாம்ல?"

தலையை ஆட்டியிருக்கலாம். ரோல்ஃபாக இருந்தால் ஆட்டியிருப்பார்.

"குழாய் உடையல. இந்த வீட்டுப் படத்தை விலாசத்தோட நான் வெளிய விட்டுட்டேன். ஒன்பது மாசமா யாரு வேணா பார்க்கற மாதிரி இருந்திருக்கு. என்னாலதான் நீங்க போறீங்க."

அவள் என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள். இடது தோளில் பிள்ளை, வலது இடுப்பில் பெட்டி என்று இரண்டையும் அவளே தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனாள்.